ஆமாம் என்றுதான் சொன்னேன்

குத்தாயிசி பேருந்து நிலையம், மூன்றாம் ஜன்னல்.
"சுக்திதிக்கு இடம் இருக்கிறதா?"
இருக்கிறது என்கிறது என் வாய்.
இல்லை இல்லை இல்லை என்கிறது தலை.
வந்தவர் தலையைத்தான் நம்பினார்.
கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு
மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.
அன்று பதினோரு இருக்கை காலியாகப்
போனது அந்த வண்டி.

முதலில் சுளுக்கு என்றார்கள்.
தலையணையை மாற்று என்றாள் நாத்தனார்.
கண் பட்டிருக்கிறது என்று
எதிர்வீட்டு ஜுஜுனா மெழுகை உருக்கித்
தண்ணீரில் ஊற்றினாள்.
மெழுகு ஒரு வாத்தாக உறைந்தது.
வாத்துக்கு என்ன அர்த்தம் என்று
அவளுக்கும் தெரியவில்லை.

ஆறு வருஷம் கழித்து
திபிலிசியில் டாக்டர் நோதார் பெயர் சொன்னார்:
டிஸ்டோனியா.
பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர் மாதிரி இருந்தது.
"கழுத்தில் பழுதில்லை, சிசானா.
உத்தரவு போடுகிற இடத்தில் பழுது."
எங்கள் நகராட்சி மாதிரியா என்றேன்.
அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

இழுப்பது வலப்பக்கத்துத் தசை.
முகம் போவதோ இடப்பக்கம்.
கயிறு ஒரு கையில், கன்று வேறு திசையில்.
மேஜையில் இருபது வருஷம்
என் வலப்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்ட வாஷா
ஒரு ராத்திரி தட்டோடு எழுந்து
இடப்பக்கம் வந்து உட்கார்ந்தான்.
அங்கே உப்பு எட்டவில்லை என்றான்.
உப்பு அவன் கையில்தான் இருந்தது.

தூங்கும்போது மட்டும்
என் தலை நேராக இருக்கிறதாம்.
அவன் சொல்கிறான்.
நான் பார்த்ததில்லை.

இன்னொன்று உண்டு, யாருக்கும் புரியாதது.
மோவாயில் ஒற்றை விரல் வைத்தால் போதும்,
அழுத்தக்கூட வேண்டாம்,
நின்றுவிடும்.
வாஷா இரண்டு கையாலும் பிடித்து
நிறுத்த முடியாத தலை
என் ஒரு விரலுக்கு நிற்கிறது.
அதனால் ஒற்றைக் கையால் டிக்கெட் கிழிக்கிறேன்,
சில்லறை எண்ணுகிறேன்.
பார்க்கிறவர்களுக்கு நான்
எதையோ தீவிரமாக யோசிப்பவள்.

பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி.
மருந்தின் பெயரைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன்.
தொண்ணூற்று நாலாம் வருஷக் குளிர்காலம்,
மின்சாரம் இல்லாத வீடு,
ஜாடியில் போட்ட கத்திரிக்காய்.
கொழுந்தன் அவ்தோ ஒரே ஒரு கரண்டி தின்றான்.
மறுநாள் அவனுக்கு நான் இரண்டாகத் தெரிந்தேன்.
அதற்கடுத்த நாள் இமை விழுந்தது,
எச்சில் இறங்கவில்லை,
அவன் மூச்சை ஒரு இயந்திரம் விட்டது,
நாற்பது நாள்.
அதே விஷம்.
அதில் ஒரு துளியின் துளியின் துளி.
நாலு இடத்தில் குத்தினார் நோதார்.
விஷம் கழுத்தோடு நின்றுகொண்டது.
கீழே இறங்கவில்லை.

பிழைத்து வந்த அவ்தோ
இன்றுவரை ஜாடியில் எதையும் தொடுவதில்லை.
புத்தாண்டு விருந்தில் கோப்பையை உயர்த்திச் சொன்னான்:
"நான் மிச்சம் வைத்ததைத்தான்
உனக்குப் போடுகிறார்கள்."
எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும்
அவன் கோப்பையை இறக்கவில்லை.

திபிலிசி வேனில் எனக்கு எப்போதும்
இடப்பக்கத்து ஜன்னல்.
ஆறு வருஷம் அந்தப் பாதையின்
பாதியைத்தான் பார்த்திருக்கிறேன்.
இரண்டாம் ஊசிக்குப் பின் ஒரு திரும்பு பயணத்தில்,
மண்பானை விற்கும் இடம் தாண்டியதும்
சும்மா, ஒரு சத்தம் கேட்டு
வலப்பக்கம் திரும்பினேன்.
திரும்பியது.
ஒரு பெட்ரோல் பங்க்.
கொடியில் நீல நிறப் போர்வை.
ஒருவன் நாயைத் திட்டிக்கொண்டிருந்தான்.
அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்,
அது பின்னால் போய் மறைந்த பிறகும்.

இன்று பத்தாம் வாரம்.
காலையிலிருந்து மோவாய் லேசாக நகர்கிறது,
கதவைத் தட்டுமுன் ஒருவர்
வெளியே நின்று இருமுவதுபோல.
வா. இரண்டு வாரம் பொறு.

ஜன்னல் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்:
"தலையைப் பார்க்காதீர்கள்,
வாயைக் கேளுங்கள்."
ஒரு பையன் அதைச் சத்தமாகப் படித்தான்.
படித்துவிட்டுத் தலையைத்தான் பார்த்தான்.
சுக்திதிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினான்.